அம்மாவின் மாங்காய்ப் பூட்டு

என்னோடு சேர்ந்து நரைத்துப் போனவர்களே, உங்களில் யாருக்காவது பெற்ற தாயின் பெட்டியைத் திறந்து பார்த்த பாவம் உண்டா? எனக்கு உண்டு. நான் திறக்கவில்லை, திறக்க வழி சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

நான் சந்தேகக்காரி. கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அங்கேயே அவிழ்த்துப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அன்று முழுவதும் யோசிப்பேன். இந்தக் குணம் எங்கிருந்து ஒட்டியது என்று என் மகள் கேட்பாள். அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் ஊரில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அப்போது ஒட்டியது.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் ரோட்டில், டிரைவர் மனது வைத்தால் மட்டும் பஸ் நிற்கும் ஊர் எங்களுடையது. ஒரே வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, வெகுகாலம் கழித்து அவர்களுக்குப் பிறந்த நாலு வயது மகன், அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. அப்பா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். அவர் கையில் இரும்பும் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசனை இருக்கும். அவர் பிசைந்து ஊட்டினால் சோற்றிலும் அது வரும்.

பெரியப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, பேசக் கூடாது, அவர் பெயரைச் சொல்லவே கூடாது. உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இது கொஞ்சம் கூடுதல். பெரியப்பாவுக்கு மேற்கே இருக்கும் ஒரு மலைக்கோயில் ஊரின் பெயர். அதனால் அம்மா அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸைக்கூட "மேக்க போற காரு" என்றுதான் சொல்வாள். அந்தக் கோயில் பஞ்சாமிர்தம் "மேக்கத்திப் பஞ்சாமிர்தம்". வாய் தவறிக்கூட அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, இருவருக்கும் நடுவில் தபால்காரி நான்தான். "ஏத்தா, வெங்காயத்துக்கு ஆள் வருது, ஒல வைக்கச் சொல்லு ஒங்க ஆத்தாளை" என்பார் பெரியப்பா. ஆத்தாள் மூன்று அடி தள்ளிக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். இருந்தாலும் நான் போய்ச் சொல்லவேண்டும். அவள் பதிலை நான் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதிலோடு பெரியப்பா இன்னும் இரண்டு கேள்வி கேட்பார். ஆத்தா என்ன செய்யுறா, யார் வந்தா, என்ன பேசினா. சொன்னால் ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும். அதற்குப் பெயர் உளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மிட்டாயை விட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

இனி அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முகம் சுளிக்காதீர்கள். நம் காலத்தில் எந்த வீட்டில் கக்கூஸ் இருந்தது? ஊருக்குக் கிழக்கே புறம்போக்கு நிலம். ஆவாரஞ்செடியும் கள்ளியும் மண்டிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் பெண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு கூட்டமாக அங்கே போவார்கள். தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பு பெரியப்பா அதை முள்வேலி போட்டு வளைத்து, வெங்காயம் காயவைத்துச் சேர்க்கப் பட்டறை போட்டார். யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு பெண்கள் பெரிய ரோட்டோரத்துக்குத்தான் போனார்கள். பஸ் வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததும் வரிசையாக எழுந்து நிற்பார்கள். பஸ் போனதும் உட்காருவார்கள். அடுத்து லாரி வரும், மறுபடி எழுந்திருப்பார்கள். நானும் எழுந்து நின்றிருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்கா நிறைமாசத்தில் அப்படி அவசரமாக எழுந்தவள் சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தாள். ஒரு வாரம் கழித்துப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. விழுந்ததால்தான் என்று பெண்கள் சொன்னார்கள். அம்மா என்னை அனுப்பினாள்.

"பொம்பளைக ஒதுங்க எடமில்லையாம் பெரியப்பா. வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுது அம்மா."

பெரியப்பா வெங்காயத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார். "வத்தலக்குண்டு மட்டுக்கும் ரோடு கெடக்கு. எடமில்லையாமில்ல."

இதை நான் அப்படியே போய்ச் சொன்னேன், சிரிப்பு உட்பட. அம்மா கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதினாள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஊர் ஓட்டுப் போடாது. வார்டு வார்டாக உறுப்பினர்களைத்தான் ஊர் தேர்ந்தெடுக்கும். அந்த ஏழு பேரும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர், எங்கள் பெரியப்பாவும் அரவை மில்காரரும். பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். தன்னையும் சேர்த்து மூன்று நிச்சயம். நாலாவது வேண்டும். எங்கள் தெரு வார்டில் யாரை நிறுத்துவது?

அவருக்கு ஒருவர் மேலும் நம்பிக்கை இல்லை. "ஆம்பளைய நிறுத்துனா ஜெயிச்ச மறுநாளே அவனுக்கும் நாக்காலி ஆசை வந்துரும்" என்றார். சரி, பெண் என்றால் பெரியம்மா இருக்கிறாளே? பெரியம்மாவின் தம்பி மில்காரரோடு சீட்டாடுகிறவர். ஆகவே முப்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியும் வேண்டாம். மிச்சம் இருந்தது அம்மா. வாயில்லாப் பூச்சி, மூத்தார் சொல்லைத் தட்ட மாட்டாள் என்று கணக்குப் போட்டார்.

நான்தான் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள்தான் அம்மா, "சரின்னு சொல்லு" என்றாள். பெரியப்பா எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

அம்மாவுக்கு ஓட்டுக் கேட்டு பெரியப்பா வீடு வீடாகப் போனார். அம்மா போகவில்லை. நோட்டீசில் அவள் பெயர் சின்னதாகவும், இன்னாருடைய தம்பி மனைவி என்பது பெரியதாகவும் அச்சடித்திருந்தது. அந்த நோட்டீசில்தான் அம்மாவின் பெயரை நான் எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். யாரோ போலிருந்தது.

ஆனால் அம்மாவும் ஓட்டுக் கேட்டாள். எங்கே என்றால், பொழுது சாயும்போது, அந்த ரோட்டோரத்தில். ஆண்வாடை படாத ஒரே கூட்டம் அது. என்னைச் சொம்போடு முன்னால் போகச் சொல்லிவிட்டு அவர்கள் பின்தங்கிக் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பெண்கள் எல்லோரும் குனிந்து கட்டைவிரலை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விரலெல்லாம் கருப்பு. அம்மா ஒரு சிரட்டையை முந்தானைக்குள் மறைத்தாள். விளக்குக்கரியும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை அடித்தது.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் காணோம். வாத்தியார் முட்டிபோட வைத்தார். நான் கிழிக்கவில்லை என்று அழுதேன். யார் நம்பினார்கள்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "எலி கடிச்சிருக்கும்" என்றாள். எலி நடுத்தாளை மட்டும் ஊசி பிரித்து எடுக்குமா? பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோபம்தான் பின்னால் எல்லாவற்றையும் செய்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஒரு பூட்டுக் கொண்டுவந்தார். மாங்காய் வடிவம், உள்ளங்கை அகலம், கருகருவென்று. சாவி ஒன்றுதான். அம்மாவின் தகரப் பெட்டி அவள் கல்யாணத்துக்கு வந்ததிலிருந்து பூட்டியதே இல்லை. அன்றிலிருந்து பூட்டினாள். சாவியை ஒளித்து வைத்தாள். தாளிக்கும்போதெல்லாம் கடுகு டப்பாவில் 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு அது போதும்.

தேர்தல் நடந்தது. அம்மா ஜெயித்தாள். தன் முகத்துக்கு விழுந்த ஓட்டு என்று பெரியப்பா மாலை போட்டுக்கொண்டார். எதிர்பார்த்தபடி இவர் பக்கம் நாலு, மில்காரர் பக்கம் மூன்று. தலைவர் தேர்தலுக்கு யூனியன் ஆபீசிலிருந்து அதிகாரி வரப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மோர் வாங்க வந்தால்கூடப் பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

ஒரு மத்தியானம் என்னை வெங்காயப் பட்டறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நெடி கண்ணைக் கரித்தது. "தாயி, பெட்டிக்கு எதுக்குப் பூட்டு? நம்ம வீட்டுல களவாணிப்பய யாரு இருக்கா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பு விரல், சிரட்டை, நோட்டுத்தாள், கடுகு டப்பா. சொல்லச் சொல்ல எனக்குச் சுகமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா களையெடுக்கப் போன நேரத்தில் பெரியப்பா பெட்டியைத் திறந்தார். பெரியம்மா வாசலில் காவல். பெட்டிக்குள் சேலைக்கு அடியில் என் நடுத்தாள் இருந்தது. அம்மாவின் கோணல் எழுத்தில் வரிசையாகப் பெண்கள் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மேலே தலைப்பு எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பெயர் எழுதும் அளவுக்குத்தான் எழுத்துத் தெரியும்.

பெரியப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "மில்லுக்காரன்கிட்டப் பணம் வாங்குனவளுக பட்டியலு" என்றார். "ஆளுக்கு எம்புட்டுன்னு மட்டும் போடல." பெரியம்மா தலையாட்டினாள். அது வேலியை எடுக்கக் கேட்ட மனு என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பெண்கள் எதையாவது கேட்பார்கள், கேட்டுக் கையெழுத்தும் வைப்பார்கள் என்பதே அவர் புத்தியில் இல்லை. தாளை இருந்த மாதிரியே மடித்து வைத்துப் பூட்டினார். அவசரத்தில் பெட்டி மேல் நாலைந்து கடுகு சிந்தியதை அவர் கவனிக்கவில்லை.

அம்மா கவனித்தாள். அன்று சாயங்காலம் பெட்டி முன்னால் உட்கார்ந்து அந்தக் கடுகை ஒவ்வொன்றாக விரலில் ஒற்றி எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். தலைவர் தேர்தலில் சீட்டு எழுதிப் போடுவது வேண்டாம், சீட்டில் யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியும், ஒவ்வொருவரும் எழுந்து சபையில் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும் என்றார். அம்மா மனதில் கள்ளம் இருந்தாலும் மூத்தார் எதிரில் வாய் வராது என்பது அவர் எண்ணம். மில்காரருக்கும் தன் ஆட்கள் மேல் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். உடனே ஒப்புக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது.

இதற்கு நடுவில் நான் மட்டும் பார்த்தது ஒன்று உண்டு. மிளகாய் அரைக்க எப்போதும் நான்தான் மில்லுக்குப் போவேன். ஒருநாள் அம்மாவே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ஒரு படி மிளகாய்க்கு அவ்வளவு நேரமா? இதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை. நல்ல மனதால் அல்ல. அன்று அவர் வெங்காயம் போட ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார்.

தேர்தல் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்களுக்கு லீவு. ஜன்னல் கம்பியில் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். ஆறு ஆண்கள் பெஞ்சில். அம்மா பின்னால் தனியாக, முக்காடு போட்டுக்கொண்டு. அப்பா வரவில்லை, பூட்டுப் பட்டறையில் வேலை இருக்கிறதாம். அந்த வேலையையும் நான் இன்றுவரை நம்பவில்லை.

மூன்று பேர் பெரியப்பா பெயரைச் சொன்னார்கள், அதில் ஒருவர் பெரியப்பா. மூன்று பேர் மில்காரர் பெயரைச் சொன்னார்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நீங்க யாருக்கும்மா?"

அம்மா எழுந்தாள். தரையைப் பார்த்தாள்.

"பயப்படாமச் சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பெரியவுக பேரை நான் சொல்லக் கூடாதுங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா முகம் மலர்ந்தது. அவருக்குத்தான் என்று ஆகிவிட்டதே. அதிகாரியும் எழுதப் போனார். மில்காரர் எழுந்துவிட்டார்.

"அதெப்படிங்க? பேரை வாய்விட்டுச் சொல்லணும்னு கேட்டது அவுகதான. சொல்லாத பேரை எப்படி எழுதுவீக?"

அதிகாரி யோசித்தார். "சரி, கையையாவது காட்டும்மா."

"பெரியவுகளை வெரல நீட்டிக் காட்டலாமாங்கய்யா?"

பெரியப்பா கழுத்தைத் திருப்பி ஜன்னலில் என்னைத் தேடினார். "ஏத்தா, ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு. இந்த ஒரு தடவைக்குச் சொல்லலாம், குத்தமில்லன்னு நான் சொன்னேன்னு சொல்லு." சபையில்கூட அவரால் அவளிடம் நேராகப் பேச முடியவில்லை. நான் கம்பிக்குள் வாயை நுழைத்தேன். வெளியாட்கள் பேசக் கூடாது என்று அதிகாரி என்னை அதட்டினார். என் வாழ்நாளில் நான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரே செய்தி அதுதான்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்தாள். "நான் சொல்லக்கூடிய பேரு ரெண்டுதான் இருக்குங்கய்யா. ஒண்ணு மில்லுக்காரவுக பேரு. அதச் சொன்னா எங்க வீட்டுக்குத் துரோகம். இன்னொண்ணு என் பேரு. அதையே சொல்லிர்றேன்."

சொன்னாள். அம்மா குரலில் அம்மாவின் பெயரை அன்றுதான் கேட்டேன். "அது யாரு?" என்று பெஞ்சில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அதிகாரி தன் பட்டியலில் தேடிப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்று, மூன்று, ஒன்று. இன்னொரு சுற்று என்றார் அதிகாரி. மில்காரர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எழுந்து அம்மா பெயரைச் சொன்னார். அவர் ஆட்கள் இருவரும் அதையே சொன்னார்கள். அம்மா மறுபடி தன் பெயரைச் சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. நாலுக்கு மூன்று. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜன்னலைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். அவரிடமிருந்து அதன் பிறகு எனக்கு மிட்டாய் வரவில்லை.

முதல் கூட்டத்தில் அம்மா அந்தத் தாளை மேசை மேல் வைத்தாள். நாலு பேர் கை தூக்கினார்கள். வேலி போனது, வெங்காயப் பட்டறை போனது, ஆள் உயரத்துக்கு மண்சுவர் வந்தது. எதிர்வீட்டு அக்காதான் முதல் கூடை மண் சுமந்தாள். எங்கள் வீட்டிலும் நடுவில் ஒரு சுவர் வந்தது. பெரியப்பா சாகும்வரை ஒன்றையே சொன்னார். "முன்னாடியே பேசி வச்சுத்தான் செஞ்சா. மில்லுக்காரன் எப்படி அம்புட்டு வேகமா எந்திரிச்சான்?" அவர் சொன்னதில் மற்றதெல்லாம் தப்பு. இந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கும் இருந்தது.

என் நாற்பதாவது வயதில் ஒருநாள் கேட்டுவிட்டேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மில்லுக்காரரோட முன்னாடியே பேசி வச்சிருந்தியாம்மா? மொளகா அரைக்கப் போனியே, அன்னைக்கு?"

அவள் கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். "தெரிஞ்சு யாருகிட்டப் போயிச் சொல்லப் போற?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் அதற்குமேல் கேட்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா போன பதினாறாம் நாள் பெட்டியைத் திறக்கவேண்டி வந்தது. அதே மாங்காய்ப் பூட்டு. நான் நேராகப் போய்க் கடுகு டப்பாவில் கைவிட்டேன். கடுகுதான் இருந்தது. தம்பி மனைவி தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "அத்தை குடுத்து எட்டு வருசமாச்சு மதினி. ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாக." அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

பெட்டியில் மேலாகவே அந்தத் தாள் இருந்தது. ரேகைகள் பழுப்பேறியிருந்தன. துக்கத்துக்கு வந்திருந்த பெரியப்பா மகன் எட்டிப் பார்த்தான். அவன் அந்த வருடம் தலைவருக்கு நிற்கப்போவதாகப் பேச்சு. "என்னக்கா தாளு அது? யாரு யாரு பேரு?" என்று கேட்டான்.

அதில் ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது.

"ஒண்ணுமில்லப்பா. நான் நாலாங்கிளாஸ் படிக்கையில கிழிஞ்சு போன நோட்டுத்தாளு" என்று மடித்து வைத்தேன்.

அவன் நம்பவில்லை. எங்கள் வீட்டு ரத்தமாயிற்றே. நான் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைத் தம்பி மனைவி கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.